கிணற்றடிப் பூண்டு

வேலூர் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கமாக இறங்கும் வண்டிப்பாதையில் நடந்தால், மூன்றாவது புளியமரம் தாண்டி எங்கள் கிணறு. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் எங்கள் வேங்கிக்காலில் அப்போதெல்லாம் ஒரு குடும்பத்தைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். எங்களுக்குக் ‘கவலக் கெணத்துக்காரங்க’ என்று பெயர். கவலை இறைத்த காலம் நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. மோட்டார் கொட்டகை வந்து, தோல்சால் பரணில் காய்ந்து கிடந்தது. ஆனாலும் மாடுகள் முன்னும் பின்னுமாக நடந்து தேய்த்த அந்தச் சரிவு மட்டும் கிணற்றுக்குக் கிழக்கே அப்படியே இருந்தது. சரிவு முழுக்க அந்தப் பூ.

ஆயா அதைக் கிணற்றடிப் பூண்டு என்று சொல்லும். அம்மா வெட்டுக்காயப் பூண்டு என்பாள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அது தாத்தாப் பூ. மூக்குத்திப் பூ என்று சொல்லும் அத்தை ஒருத்தி செங்கம் பக்கத்திலிருந்து வருவாள். ஒரே செடிக்கு ஒரே வீட்டில் நான்கு பெயர் புழங்கியது. யாரும் யாரையும் திருத்தியதில்லை.

அதை யாரும் விதைத்ததில்லை. தண்ணீர் பாய்ச்சியதும் இல்லை. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, அரம்போல் விளிம்பு வெட்டிய சொரசொரப்பான இலைகளோடு கிடக்கும். அந்தத் தரைப்படர்விலிருந்து ஒரு காம்பு மட்டும் ஒரு சாண் உயரத்துக்குத் தனியே எழும்பி நிற்கும். காம்பு முழுக்க வெள்ளை மயிர். உச்சியில் ஒரே ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய பால்நிறத்தில் நாலைந்து இதழ். ஒவ்வோர் இதழின் நுனியும், ஏதோ பூச்சி கடித்துவிட்டதுபோல, மூன்றாகப் பிளந்திருக்கும். ஒற்றைக்கல் வைத்த சின்ன மூக்குத்தியேதான். ஆயாவின் மூக்கில் இருந்ததும் அதே அளவு.

காற்றடித்தால் சரிவில் இருக்கிற பூவெல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்து, ஒன்றாகவே நிமிரும். வெயில் ஏறியதும் நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சிகள் வந்துவிடும். மல்லாட்டைச் செடி பூக்காத மாதத்திலும், ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்த சித்திரையிலும், அந்தப் பட்டாம்பூச்சிகளுக்கு அங்கே சாப்பாடு இருந்தது. இந்தப் பூவுக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கப் பூக்கும்.

பூ முற்றினால் அது இன்னொரு பொருளாக மாறிவிடும். மஞ்சள் உதிர்ந்து, பஞ்சுருண்டை ஒன்று காம்பில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு விதையின் தலையிலும் சின்னச் சின்னச் சிறகு. மத்தியான வெயிலில் நன்றாக விரிந்து நிற்கும்போது ஊதினால், ஒன்றொன்றாகக் கிளம்பிக் கிணற்றுக்கு மேலே மிதக்கும். சில நேரம் கிணற்றுக் காற்று அவற்றை உள்ளே இழுத்துவிடும். கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கில், எங்கள் கைக்கு எட்டாத ஆழத்தில்கூட, இரண்டு மூன்று பூ எட்டிப் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

தாத்தாப் பூ என்ற பெயர் ஒரு விளையாட்டால் வந்தது. காம்போடு பூவைப் பறித்து, தலைக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தாத்தாவிடம் காசு கேட்கிற பாட்டு ஒன்று உண்டு. காசு தராவிட்டால் தலை போய்விடும் என்று பாட்டு மிரட்டும். பாட்டின் கடைசிச் சொல்லோடு நகத்தைச் சுண்டினால் மஞ்சள் தலை பறந்து போய் விழும். யாருடைய தாத்தா அதிகத் தூரம் போனார் என்பதுதான் போட்டி. தமிழ்நாட்டின் எந்த மூலைக்குப் போய் என் வயதுக்காரர்களிடம் கேட்டாலும், சொல்லில் கொஞ்சம் முன்பின்னாக இந்த விளையாட்டைச் சொல்லிவிடுவார்கள்.

எங்களுக்கு நிஜமாகவே காசு கொடுக்கிற தாத்தா இருந்தார். நாங்கள் பாட ஆரம்பித்ததுமே, மோட்டார் கொட்டகை நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருப்பவர், “ஏ, வெட்டிடாதீங்க, வெட்டிடாதீங்க, இந்தாங்க” என்று இடுப்பு மடியை அவிழ்த்துப் பத்துப் பைசா எடுத்து நீட்டுவார். தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. காசை வாங்கிக்கொண்ட பிறகும் தம்பி தலையைச் சுண்டிவிடுவான். தாத்தா கழுத்தைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்வார். அவர் எழுந்திருக்கும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டே இருப்போம்.

நான் மூன்றாவது படிக்கும்போது, ஒரு மாசி மாதத்து விடியற்காலையில், அதே கட்டிலில் தாத்தா இறந்துபோனார். முந்தின நாள் சாயங்காலம்தான் விளையாடியிருந்தோம். வீடு முழுக்க ஆட்கள். நான் மட்டும் கிணற்றடிக்கு ஓடிப்போய், முந்தின நாள் நாங்கள் சுண்டிய தலைகளைத் தேடினேன். வாடிச் சுருங்கிக் கிடந்த ஏழெட்டைப் பொறுக்கி, காம்புகளில் ஒட்டவைக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆயா காரியம் முடிந்து தலைக்குக் குளிக்க வந்தபோது நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அது என்னைத் திட்டவில்லை.

“அந்தத் தாத்தா வேற, நம்ம தாத்தா வேற பாப்பா. இதப் பாரு, நாளைக்கு மறுபடி பூக்கும். நம்மளுது அப்படி இல்ல, அவ்வளவுதான்.”

அந்த ஒரு வாக்கியத்தைவிட நேராக மரணத்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். பூத்திருந்தது.

வெட்டுக்காயப் பூண்டு என்ற பெயரின் கதை என் இடதுகைச் சுட்டுவிரலில் இருக்கிறது. ஏரிப்பாய்ச்சல் கழனியில் கார்த்திகை அறுப்பு. பெரியவர்கள் அறுக்கிறார்கள் என்று நானும் ஒரு கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாலாவது பிடியிலேயே தாளோடு விரலும் சேர்ந்து அறுபட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கத்தக்கூட வரவில்லை. ஆயா வரப்பில் இரண்டு எட்டு வைத்து, குனிந்து, ஒரு கைப்பிடி இலையைப் பறித்தது. மண்ணை உதறி, வாய்க்கால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தது. வரட்டியும் புகையிலையும் ஏர்க்காலும் பிடித்த கை. அந்தச் சொரசொரப்பில் இலை நொடியில் கூழாகிவிட்டது. கையை மடக்கிப் பிழிந்ததும் கரும்பச்சையாக நாலு சொட்டு காயத்தின் மேல் விழுந்தது. உயிர் போகிற எரிச்சல்.

“எரியுது ஆயா!”

“எரியட்டும். எரிஞ்சாத்தான் ஆறும்.”

முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டுப்போட்டது. அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் மறக்கவில்லை. கையில் மீந்திருந்த இலைச் சக்கையை எறியாமல், வரப்பிலேயே உட்கார்ந்து, தன் இரண்டு குதிகாலிலும் தேய்த்துக்கொண்டது. குதிகாலில் கோடைக்கால ஏரி மாதிரி வெடிப்பு. “மிச்சம் போவக்கூடாது” என்று சொல்லிவிட்டு எழுந்து அறுப்புக்குப் போய்விட்டது.

இந்த இலைச்சாறு காயத்தை ஆற்றுகிறதா என்று ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்குப் பூசிப் பார்த்து, நம் நாட்டிலேயே பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். சாதகமாகவே நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆழமான காயத்துக்கு மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் முறை என்பதையும் நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் அன்றைக்கு அந்த வரப்பில் எனக்குக் கிடைத்தது, இரண்டு எட்டில் மருந்து இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஒரு கை.

ஆயாவுக்குத் தெரிந்த செடி அது ஒன்றுதானா? வாய்க்கால் கசியும் ஈரத்தில் கரிசலாங்கண்ணி நிற்கும். அதற்கும் சின்னதாக, வெள்ளையாக, பொத்தான் மாதிரி பூ. வள்ளலார் உயர்த்திச் சொன்ன மூலிகை என்று ஆயாவுக்கு அதன்மேல் தனி மரியாதை. வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறதென்றால், அதன் இலையை இடித்துச் சாறெடுத்து, வெள்ளைத் துணியை அதில் நனைத்து நிழலில் காயவைக்கும். மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்து, துணி கறுத்ததும் திரியாகத் திரித்து அகலில் போட்டு, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றும். மேலே ஒரு செம்புத் தட்டைக் கவிழ்த்து வைத்தால், இரவு முழுக்க எரிந்து, விடிகாலையில் தட்டின் அடியில் பட்டுப்போலக் கரி படிந்திருக்கும். அதைக் கோழியிறகால் வழித்து, விளக்கெண்ணெயில் குழைத்தால் கண்மை. எனக்கும் தம்பிக்கும் எங்கள் அத்தை பிள்ளைகளுக்கும் முதல் மை அதுதான்.

கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போனபோதுதான், கிணற்றடிப் பூண்டும் கரிசலாங்கண்ணியும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. பூமாலைச் சாமந்தியும், சூரியகாந்தியும், செண்டுமல்லியும் அதே குடும்பம். சூரியகாந்திக் குடும்பம் என்பார்கள். உலகத்தில் 30,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் அடக்கம். ஆசிரியர் ஒரு பூவை நெடுக்காகப் பிளந்து லென்சுக்கு அடியில் வைத்து, “நல்லாப் பாரும்மா, இது ஒரு பூ இல்லை” என்றார். நடுவில் நான் மஞ்சள் பொட்டு என்று நினைத்திருந்தது, நெருக்கியடித்து நின்ற ஏராளமான குட்டிக் குழல்பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பிளவாக விரிந்த வாய், உள்ளே மகரந்தம், அடியில் தனித்தனியே ஒரு விதை. ஓரத்து ‘இதழ்’ ஒவ்வொன்றும்கூட ஒரு தனிப் பூ. நாங்கள் ஒரே சுண்டில் சுண்டியது ஒரு தாத்தாவை அல்ல, ஒரு கூட்டுக் குடும்பத்தை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்து வந்தது. அந்தச் செடியின் பிறந்த ஊர் மெக்சிகோவும் அதைச் சுற்றிய வெப்பமண்டல அமெரிக்காவும். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் அதற்கு டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார். கடல் கடந்து நம் வரப்புக்கு வந்த செடி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடுவண் அரசின் களைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. விடுமுறைக்கு வந்து ஆயாவிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது.

“எந்த ஊரா இருந்தா இன்னா? நம்ம கெணத்தடிக்கு வந்து எத்தினி வருசமாச்சி. வந்தவனுக்கும் வேல தெரிஞ்சா நம்மாளுதான்.”

வந்து வேலை தெரியாமல் நின்ற இன்னொரு உறவுக்காரனும் அந்தக் குடும்பத்தில் உண்டு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1989 செப்டம்பர் 30-ஆம் தேதி வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் உண்டாக்கினார்கள். அதுவரை ஒரு பட்டா விஷயம் என்றாலும் எங்கள் ஆட்கள் பெரிய அதிகாரியைப் பார்க்க வேலூருக்கு பஸ் ஏறினார்கள். இனி எல்லாம் பக்கத்திலேயே என்று ஊரே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே எங்கள் வேங்கிக்காலுக்கு வந்தது. நியாயமான மகிழ்ச்சி அது. எத்தனையோ ஏழைகளுக்கு ஒரு நாள் கூலி மிச்சமாயிற்று. அதோடு நிலத்தின் விலையும் ஏறியது. மல்லாட்டை போட்ட கொல்லைகளில் வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்தார்கள். பெரியப்பா பங்கு முதலில் போயிற்று. தம்பி படிப்புக்கு அப்பா பங்கில் பாதி போயிற்று.

விற்றும் கட்டாமல் கிடந்த மனைகளில்தான் பார்த்தீனியம் வந்தது. அதுவும் அதே சூரியகாந்திக் குடும்பம்தான், பிறப்பும் அமெரிக்கக் கண்டம்தான். 1955 வாக்கில் பூனாவில் முதலில் கவனித்த செடி, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்பார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதைத் தின்று ஒழிக்கட்டும் என்று 1984-இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை பெங்களூருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் சரிவில் இடுப்பளவுக்கு அது நின்றது. மாடு வாய்வைக்காது. பிடுங்கினால் கை அரித்துத் தடித்துவிடும். ஆயா ஒருநாள் அதைப் பிடுங்கப்போய் இரண்டு கையும் வீங்கி உட்கார்ந்திருந்தது. அப்போதும் அடியில் குனிந்து பார்த்தால், பார்த்தீனியத்தின் நிழலிலிருந்து விலகி, வண்டித் தடத்தின் ஓரமாக, நம் கிணற்றடிப் பூண்டு காம்பை நீட்டி நின்றது. ஆயா அதிலிருந்தே இலையைப் பறித்துக் கையில் தேய்த்துக்கொண்டது.

திருவண்ணாமலை பூவின் ஊர். கோயிலைச் சுற்றி விடிகாலையிலிருந்து நடுநிசிவரை எங்கேயாவது ஒரு கை பூத் தொடுத்துக்கொண்டே இருக்கும். மல்லி, முல்லை, அரளி, சம்பங்கி, சாமந்தி, மெக்சிகோவிலிருந்து வந்த செண்டுமல்லி எல்லாம் அண்ணாமலையார் வாசலுக்குப் போகும். அதே மெக்சிகோவிலிருந்து வந்த இந்தப் பூவை மட்டும் யாரும் நாரில் கட்டவில்லை. எந்தச் சாமிக்கும் வைக்கவில்லை, எந்தப் பெண்ணும் தலையில் சூடவில்லை. நாங்கள்தான் வைத்தோம். ஏரிக் களிமண்ணைப் பிசைந்து மலை செய்து, உச்சியில் ஒரு காம்பை நட்டுவிடுவோம். மஞ்சள் தலை தீபம். கார்த்திகை மாதச் சாயங்காலங்களில் எங்கள் கிணற்றடியிலிருந்து பார்த்தால் சூரியன் மலையோரமாகத்தான் இறங்கும். நிஜ மலையில் தீபம் ஏறுகிற நேரத்துக்கு, கிணற்றுத் திட்டில் வரிசையாக எங்கள் மண்மலைகள் காத்திருக்கும். “அண்ணாமலைக்கு அரோகரா” என்று ஊர் முழுக்கச் சத்தம் எழும்பும்போது ஆயா முதலில் பெரிய மலையைக் கும்பிடும். பிறகு குனிந்து எங்கள் மலைகளையும் கும்பிடும். ஒன்றைக்கூட விடாது.

ஆயா போய்ப் பதினேழு வருஷமாகிறது. மீதி நிலமும் போய்விட்டது. நான் வேறு ஊரில் வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து போகிறவளாகிவிட்டேன்.

2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிற்று. அதே வருஷம் டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையே சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அசையாது என்று நாங்கள் களிமண்ணில் செய்து கும்பிட்ட மலை. தொலைக்காட்சியில் அந்தச் சேற்றைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை. தையில் ஊருக்குப் போனேன். எங்கள் பாதையைத் தேடி நடந்தேன். புளியமரங்களில் ஒன்றுதான் மிச்சம். பாதை சிமெண்டுத் தெருவாகியிருந்தது. கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்து, மேலே மண் நிரவியிருந்தார்கள். மனை இன்னும் காலிதான். இடம் எனக்குப் பிடிபட்டது எப்படி என்றால், துவைக்கிற கல்லின் ஒரு மூலை மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆயாவின் புடவை அடித்து அடித்து வழவழப்பான மூலை.

கல்லைச் சுற்றிலும் பூ. அதே சாண் உயரக் காம்பு, அதே வெள்ளை மயிர், நுனி பிளந்த அதே இதழ். ஒரு நீலப் பட்டாம்பூச்சி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. தெருவில் விளையாடிய ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, “இது பேர் இன்னாம்மா?” என்று கேட்டேன். “சும்மா பூ ஆன்ட்டி” என்றாள். கிணற்றடி போனபின் அந்தக் குழந்தைக்குக் கிணற்றடிப் பூண்டு என்று எப்படி விளங்கும்? அரிவாள் பிடிக்காத வீட்டில் வெட்டுக்காயப் பூண்டு என்ற பேருக்கு என்ன வேலை? ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நாலு பேரையும் சொன்னேன். அவள் தாத்தாப் பூவை மட்டும் பிடித்துக்கொண்டாள். “எங்க தாத்தா ஊர்ல இருக்காரு” என்று சொல்லிவிட்டு, பூவைப் பறிக்காமல் ஓடிப்போனாள்.

நான் குனிந்து ஒரு கைப்பிடி இலையைப் பறித்தேன். மண்ணை உதறினேன். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். பேனா பிடித்த கை, இலை கூழாக நேரம் பிடித்தது. பச்சை வாசம் எழும்பியதும், கழனியின் ஈரமும் புகையிலை நெடியும் கூடவே எழும்பின. கையை மடக்கிப் பிழிந்தேன். சாறு விரலிடுக்கில் வழிந்தது. விட்டுக்கொள்ள என் உடம்பில் எங்கேயும் காயம் இல்லை.

மிச்சம் போகக்கூடாது. கல்லின் மூலையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். இந்த வயதுக்கு எனக்கும் குதிகாலில் வெடிப்பு வந்திருக்கிறது. சக்கையை வைத்து அழுத்தித் தேய்த்தேன்.

எரிந்தது.